ஒற்று மிகாத டயர்

சேற்றுப் பாதையில் ஓடும் மலை மிதிவண்டிக்கு டயர் தேர்ந்தெடுப்பது கடினமான வேலையன்று, செயலாளர் அவர்களே. டயரின் மேலுள்ள ரப்பர்க் குமிழ்கள் உயரமாக இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் சேறு அப்பிக்கொள்ளும். காற்றைச் சற்றுக் குறைத்து அடைக்க வேண்டும். என் மாப்பிள்ளைக்கு அத்தகைய டயரை அரை நாள் கடையில் நின்று தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நானே. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் முதல் மூவருள் வந்தால் தங்கள் மிதிவண்டிச் சங்கத்தின் அணியில் அவருக்கு இடம். எட்டு மாதங்கள் பயிற்சி செய்தார். நல்ல உழைப்பாளி.

பந்தய அறிவிப்பை அவரே எழுதினார். 'சேற்று பாதை பந்தயம்' என்று தலைப்பு. அதிலேயே இரண்டு ஒற்றுகளைக் காணவில்லை. மொத்தம் நாற்பத்தோர் இடங்கள். சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன்.

"மாமா, ஒரு 'ப்' இல்லேன்னா குடியா முழுகிடும்?" என்றார்.

"அதுதான் ரெண்டு சொல்லையும் பிடிச்சு நிறுத்துது, மாப்பிள்ளை."

"பிடிப்பு டயர்ல இருந்தா போதும், மாமா."

என் மகள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். "ஐயோ, வயிறு வலிக்குது. அப்பா, போதும், விட்டுடுங்கப்பா."

அறிவிப்பு அப்படியே அச்சாகி, ஊர் முழுவதும் ஒட்டப்பட்டது.

சனிக்கிழமை மதியம் இருவரும் வெளியே சென்றிருந்தபோது, காய்கறிக் கத்தியுடன் கொட்டகைக்குள் சென்றேன். விடுபட்ட ஓர் ஒற்றுக்கு ஒரு குமிழ் வீதம் அறுத்தேன். ஓரக் குமிழ்களாகவே பார்த்து அறுத்தேன். வளைவில் பிடித்து நிறுத்துபவை அவைதாம். அறுத்த இடங்களில் சேறு பூசினேன். முப்பத்தாறு ஆண்டுகள் எடுத்துக்காட்டுடன் பாடம் நடத்தியவன் நான். கோபப்படும் வழக்கம் எனக்கில்லை.

முதல் வளைவிலேயே வண்டி இடப்புறமும் அவர் வலப்புறமும் பிரிந்தனர். 'பிரிந்தன' என்பதா, 'பிரிந்தனர்' என்பதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் குழியில் இடுப்புவரை இறங்கியிருந்தார். "மாமா, டயரு…" என்று வாயைத் திறந்தார், சேறுதான் வந்தது. வண்டியைத் தோளில் சுமந்து பதினேழாவதாக வந்தார்.

நான் முதலில் சொன்னபடி, தங்கள் அறிக்கையில் நாற்பத்தொரு குமிழ்கள் என்று கண்டிருக்கிறது. திருத்திக்கொள்ளுங்கள், அறுபத்தெட்டு. எஞ்சிய இருபத்தேழும் ஒற்றுக்காக அறுத்தவை அல்ல. என் மகளுக்கு வயது இருபத்தேழு. நான் சொன்ன எதற்கும் அவள் ஒருமுறைகூட அப்படிச் சிரித்ததில்லை.