சிரிப்பு வண்டியில் ஹெரால்ட்

— அண்ணி, நெசமாவே சம்மதம்தானா? நாளைக்கு ஹெரால்ட் அண்ணனை இந்தப் பழைய பொணவண்டியிலயே...

— எத்தனை தடவை கேப்ப, டெஸ்மண்ட்? சரின்னுட்டேன்ல. டீயைக் குடி, ஆறுது.

— இல்ல... நாப்பது வருஷமா இதைக் கொட்டகையை விட்டு வெளிய எடுக்க விட்டதில்லையே நீங்க.

— நானா? உங்க அண்ணன்தான் விடல.

— அப்ப வித்திருக்கலாமே?

— வித்தா எவனாவது ஓட்டுவான்ல. அதான்.

— டிவி நாடக ரசிகர் மன்றத்துக்காரங்க வந்து மெழுகு போட்டுத் தேய்ச்சிருக்காங்க பாருங்க. முகம் தெரியுது! முப்பத்தாறுல அப்பா வாங்குனப்ப இப்படித்தான் இருந்துச்சாம்.

— அப்ப இது வந்தா ஆம்பளைங்க தொப்பியைக் கழட்டுவாங்க. பப்புல குடிச்சிக்கிட்டு இருக்கறவன்கூட வாசலுக்கு வந்து நிப்பான்.

— டிவிக்காரங்க வந்தப்புறம் மட்டும் வாசலுக்கு வரலையா என்ன?

— வந்தாங்க. சிரிக்க.

— அது காமெடி நாடகம், அண்ணி! நாடே பாத்துச்சு. இதே வண்டி மேட்டுல ஏறும், பின்கதவு தொறந்துக்கும், சவப்பெட்டி வழுக்கிக்கிட்டே போயி பப்பு வாசல்ல நிக்கும். பப்புக்குள்ள இருந்து ஒருத்தன் எட்டிப் பாத்து, வண்டிக்கு முன்னால நடக்கறவன்கிட்ட, "கதவைப் பூட்டுனியா, ஆல்பர்ட்?"... இப்பவும் எனக்கு...

— சிரி. ஏன் அடக்கற?

— மன்னிச்சுக்கோங்க.

— ஏழு வருஷம் வாராவாரம் அதே கூத்து. அது முடிஞ்சு, நெசமான பொணத்தோட உங்க அண்ணன் அதே மேட்டுல ஏறணும். கைத்தடி வச்சுக்கிட்டு வண்டிக்கு முன்னால நடக்கறவன் திரும்பிப் பாக்கக் கூடாது. உங்க அப்பா போட்ட சட்டம்.

— அப்பா மட்டுமில்ல, தொழிலே அப்படித்தானே.

— பின்னால எவனாவது "கதவைப் பூட்டுனியா"ன்னு கத்துவான். பத்துப் பேரு சிரிப்பான். இவரு கழுத்தை விறைச்சுக்கிட்டு நடப்பாரு. நெசமாவே தொறந்துக்கிச்சோன்னு தோணும். ஆனா திரும்ப முடியாது. வீட்டுக்கு வந்தா அந்தக் கழுத்துக்கு நான் தைலம் தேய்க்கணும்.

— எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லையே...

— அந்த டிவிக்காரங்களைக் கூட்டிட்டு வந்தவனே நீதான். உங்கிட்ட எந்த வாயால சொல்லுவாரு?

— ஒருநாள்... திரும்பிட்டாருன்னு பேசிக்கிட்டாங்க.

— பேக்கரிக்காரன் மக. சின்னப் பெட்டி. அன்னிக்கும் எவனோ கத்துனான். இவரு பதறித் திரும்பிட்டாரு. கதவு பூட்டித்தான் இருந்துச்சு, டெஸ்மண்ட். ஆனா இவரு திரும்புன தினுசு அப்படியே நாடகத்துல வர்ற ஆல்பர்ட் மாதிரி... தெருவே சிரிச்சுது. குழந்தையோட அப்பனும் சிரிச்சுட்டான். சிரிச்சுட்டு அப்படியே நடுத்தெருவுல உக்காந்துட்டான்.

— அப்புறம்?

— மறுநாளே உங்க அண்ணன் கடைப் பலகையை இறக்கிட்டாரு. இறக்குனப்ப நீ எங்க இருந்த?

— ரசிகர் மாநாட்டுல... கையெழுத்துப் போட்டுக்கிட்டு.

— வண்டிக்காரன் தம்பின்னு.

— அண்ணி, இவ்வளவு கோவத்தை வச்சுக்கிட்டு நாளைக்கு மட்டும் எப்படி...

— அதை விடு. நீ எதையோ மறைக்கற. காலையிலேர்ந்து கண்ணைப் பாத்துப் பேசல.

— ரசிகருங்க... கொஞ்சம் பேரு வருவாங்க.

— கொஞ்சம்னா?

— ரெண்டு பஸ்சு. கேமராவும் வருது.

— இன்னும் இருக்கு. சொல்லு.

— மேட்டுல ஏறும்போது... பின்கதவை ஒரே ஒரு தடவை... சும்மா, அவரு ஞாபகமா...

— தொறந்து காட்டப் போறீங்க.

— பெட்டி விழாது! கயிறு போட்டு இறுக்கியிருக்கோம், சத்தியமா!

— கயிறு எதுக்கு? அவுத்து விடு. வழுக்கிக்கிட்டு பப்பு வரைக்கும் போகட்டும். அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றாங்க, பாவம்.

— அண்ணி! உள்ள அண்ணன் இருக்காரு!

— உங்க அண்ணனைச் செவ்வாக்கிழமையே எரிச்சாச்சு. ஹாலிஃபாக்ஸ் ஊர்ல இதே தொழில் பண்றவங்க சாதா வேன்ல கொண்டு போனாங்க, கூட நான் ஒருத்திதான். அந்தப் பெட்டிக்குள்ள செங்கல்லுதான் இருக்கு. நல்லாச் சிரிங்க.