பதிவுத் தபாலில் போகாத பத்தொன்பது படிவங்கள்

1970ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் திகதி பிற்பகல் 3.10 மணிக்கு, பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் இத்ரூஸ் முன்னிலையில் தமிழில் சொல்லி எழுதப்பட்டது.

என் பெயர் சந்தியாகு செபஸ்தியன். வயது 45. பிறந்த ஊர் வஹகோட்டை. வதிவது இரத்தோட்டை வீதி, பலாவத்தை, 31ஆம் இலக்க வீடு. தொழில் பலாவத்தைக் கிராமச் சபை வாசிகசாலையில் நூலகர்.

இம்மாதம் 2ஆந் திகதி இதே நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அது பொய். இன்று யாரும் சொல்லி வரவில்லை, நானாகவே வந்தேன்.

நான் 1956 முதல் இந்த வாசிகசாலையில் வேலை செய்கிறேன். அதற்கு முன் சபையில் லிகிதராக இருந்து ஆட்களுக்கு மனுவும் படிவமும் எழுதிக் கொடுத்தேன். எங்களிடம் புத்தகம் எடுக்க வருகிறவர்களைவிடக் கடிதமும் மனுவும் எழுதிக்கொள்ள வருகிறவர்கள்தான் கூட. மேற்பிரிவுத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் பஸ்ஸில் வந்து என் மேசைக்கு முன்னால் உள்ள நீண்ட மர வாங்கில் முறை வரும்வரை இருப்பார்கள். சென்ற வருடம் ஆகஸ்ட் மாதம் சபை நூருன்னிஸா என்பவரை உதவி நூலகராக நியமித்தது. அவருக்கு வயது 23. ஜன்னல் இல்லாத மூலையில் அவருக்கு மேசை போட்டுக் கொடுத்தவன் நான். இரண்டு மாதம் போவதற்குள் ஆட்கள் அந்த வாங்கைத் தாங்களே தூக்கிக்கொண்டுபோய் அவர் மேசைக்கு முன்னால் போட்டுவிட்டார்கள். என்னைக் கண்டால் எழும்பி "சலாம் ஐயா" என்பார்கள், பிறகு அங்கேயே உட்கார்ந்துகொள்வார்கள். அவரை "தங்கச்சி" என்றுதான் கூப்பிட்டார்கள். எத்தனை பேர் அவரிடம் போகிறார்கள், எத்தனை பேர் என்னிடம் வருகிறார்கள் என்று என் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதி வந்தேன். எனக்கு மூன்று, அவருக்குப் பதினேழு என்று எழுதிய நாளில் பகல் சாப்பாட்டைப் பிரிக்காமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன்.

ஏப்ரல் 27ஆந் திகதி திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வாசிகசாலையைத் திறந்தேன். பத்திரிகைகளைத் தடியில் கோத்து வைத்தேன். திகதி முத்திரையை மாற்றினேன். திரும்பி வந்த புத்தகங்களை அலுமாரியில் அடுக்கினேன். ஒன்பது மணி பஸ்ஸில் மேற்பிரிவு ஆட்கள் வந்தார்கள். இந்திய வம்சாவளித் தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமை விண்ணப்பம் ஏற்கும் கடைசி நாள் 30ஆந் திகதி. பத்தொன்பது குடும்பங்களின் படிவங்களை நூருன்னிஸா மூன்று கிழமையாக நிரப்பி வைத்திருந்தார். அன்று கைநாட்டுப் போடுவதற்காக அவர்கள் வந்தார்கள்.

அவர்களில் சவரியம்மா என்பவர் ஒரு பழைய கடிதத்தை எடுத்து நூருன்னிஸாவிடம் காட்டினார். அவரது 1951ஆம் ஆண்டு விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்து வந்த கடிதம் அது. நூருன்னிஸா அதை வாசித்து, பிள்ளைகளின் பெயர் எழுதவேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டதால் தள்ளுபடி ஆகியிருக்கிறது என்று விளக்கினார். பின்பு, "இத ஆரு நெரப்பினது?" என்று கேட்டார். சவரியம்மா என் பக்கம் கையைக் காட்டி, "நம்ம ஐயாதான். அவுங்க எழுதி தவறிப்போச்சு. நீ எழுதுனா கெடைச்சிரும் தங்கச்சி" என்றார். அதில் கோபம் எதுவும் இருக்கவில்லை. வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நூருன்னிஸா சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அந்தக் கடிதத்தை மடித்துக் கொடுத்தார். அவர்கள் சிரித்ததைவிட அவர் சிரிக்காததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதன் பின்பு பதினொன்றரை மணியளவில் நூருன்னிஸாவின் தாய்க்கு நோய் வருத்தம் கூடிவிட்டதாக ஓர் ஆள் வந்து சொன்னார். அவர் படிவங்களை மண்ணிற பைலில் கட்டி என் மேசையில் வைத்து, "சேர், உம்மாவுக்கு ஏலாதாம், நான் போகணும். இத நாலு மணிக்கு முந்தி பதிவுத் தபால்ல போட்டிருங்க. நீங்க போட்டா எனக்கு யோசனையில்ல" என்றார். சரி என்றேன். தபால் கந்தோர் வாசிகசாலையிலிருந்து ஐம்பது கஜ தூரம். நான் போகவில்லை. இரண்டு மணிக்கு ஏணியை வைத்து ஏறி, மேல்தட்டில் பழைய அரசாங்க வர்த்தமானிக் கட்டுகளின் பின்னால் பைலை மறைத்து வைத்தேன். ஒரு நாள் பிந்தட்டும், அவரும் தவறுகிறவர்தான் என்று ஆட்கள் காணட்டும் என்றுதான் அப்போது நினைத்தேன். 28ஆந் திகதி எடுக்கவில்லை. 29ஆந் திகதி ஏணியை நகர்த்தினேன், ஏறவில்லை. 30ஆந் திகதி நாலு மணிக்குத் தபால் வண்டி போகும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 2ஆந் திகதி நூருன்னிஸா வேலைக்குத் திரும்பினார். மேற்பிரிவுத் தோட்டத்து அழகமுத்து என்பவர் பதிவுத் தபால் துண்டை வாங்கிப்போக வந்திருந்தார். நூருன்னிஸா என்னிடம் துண்டைக் கேட்டார். "எந்தப் பைல்?" என்று கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு, "சேர், நான் உங்கட மேசையிலதானே வச்சேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். சபைத் தலைவர் வந்து விசாரித்து என் பேச்சையே நம்பி அவரை வேலையிலிருந்து இடைநிறுத்தினார். அன்று பின்னேரம் தோட்டத்து ஆட்கள் பொலிஸில் முறைப்பாடு செய்தார்கள். பைல் என் கைக்கு வரவே இல்லை என்று நானும் இங்கு வந்து எழுதிக் கொடுத்தேன்.

இன்று காலை ஒன்பது மணி பஸ்ஸில் அழகமுத்துவும் இன்னும் ஆறு பேரும் வந்தார்கள். மூலையில் கிடந்த வாங்கைத் தூக்கிக்கொண்டுவந்து என் மேசைக்கு முன்னால் போட்டார்கள். அழகமுத்து, "ஐயா, அந்தப் பொண்ணு எங்கள ஏமாத்திருச்சு. அது மேல பெரிய கந்தோருக்கு ஒரு பெட்டிசன் எழுதணும். இனிமே எங்களுக்கு நீங்கதாங்க ஐயா" என்றார். எட்டு மாதமாக நான் கேட்கக் காத்திருந்த பேச்சு அது. தாளை எடுத்தேன். நூருன்னிஸாவின் பெயர், வயது, விலாசம் எழுதினேன். "அது என்ன செஞ்சிச்சுன்னு நல்லா வெளக்கமா எழுதுங்கய்யா" என்றார். என்னால் அடுத்த சொல்லை எழுத முடியவில்லை. மை காய்ந்துவிட்டதா என்று அவர் கேட்டார்.

அதன் பின்பு ஏணியில் ஏறிப் பைலை எடுத்து அழகமுத்துவின் கையில் கொடுத்தேன். அவர் கட்டை அவிழ்த்து, தன் கைநாட்டு இருந்த தாளைத் தேடி எடுத்தார். என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. "இது எங்கேயுமே போகலியாங்க?" என்று மட்டும் கேட்டார். போகவில்லை என்றேன். மற்றவர்கள் எழும்பி வெளியே போய்விட்டார்கள். பொலிஸ் நிலையம் வரை அவர் எனக்கு முன்னால் நடந்தார், நான் பின்னால் வந்தேன். அதற்கு முன் அவர் பைலைச் சபைத் தலைவரிடம் ஒப்படைத்தார். நடந்ததைச் சபைத் தலைவர் ஒரு கடிதத்தில் எழுதி, படிவங்களோடு இன்று பகல் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார். பிந்திப் போனவற்றை ஏற்பார்களா என்று யாருக்கும் தெரியாது. நூருன்னிஸாவை நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

எழுதியதை சார்ஜன்ட் எனக்கு வாசித்துக் காட்டினார். பைலை மேல்தட்டில் "மறந்து வைத்தேன்" என்று எழுதியிருந்தார். "மாஸ்டர், அப்பிடி இருந்தா உங்களுக்கு நல்லது" என்றார். அதை வெட்டி "மறைத்து வைத்தேன்" என்று திருத்தும்படி கேட்டு, திருத்திய இடத்தில் என் முதலெழுத்தை இட்டேன். இப்போது இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் நான் சொன்னது, ஒவ்வொன்றும் உண்மை என ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ச. செபஸ்தியன்