நாற்காலியில் உட்கார்ந்த கிரீடம்

வாழ்த்துரை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வாழ்த்து எங்கேயும் ஓடிப்போகாது. முதலில் சின்னதாக ஒரு கதை சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன் என்ற முறையில், இந்த மைக்கைத் தொட்டுச் சத்தியமாகச் சொல்கிறேன்... இந்தக் கதையை மண்டபத்தில் ஒருத்தரும் நம்பப்போவதில்லை.

அந்தக் காலத்து ஜெர்மனியில் குட்டிக்குட்டியாக நிறைய நாடுகள், அதில் ஒரு நாடு. பெயர் ஷ்னார்ஃபென்பெர்க். வெற்றிலை போட்டுக்கொண்டு இந்தப் பெயரைச் சொல்லக்கூடாது, எதிரே நிற்பவர் சட்டை போய்விடும். எவ்வளவு பெரிய நாடு? அரசர் காலை நீட்டிப் படுத்தால் பாதம் பக்கத்து நாட்டில் இருக்கும். சுங்கச்சாவடியில் அனுமதி வாங்கித்தான் புரண்டு படுப்பார்.

அந்த அரசர் பெயர் கோட்ஃப்ரீட். ஒரே மகன், எகோன். பட்டத்து இளவரசன். பட்டத்து இளவரசனுக்கு என்ன வேலை? சொல்லுங்கள் பார்ப்போம். ஒரே வேலைதான்... காத்திருப்பது. அப்பா கண்ணை மூடினால்தான் இவனுக்கு அரியணை. அதனால் என்ன ஆகும் தெரியுமா? மகன் பாசமாக, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட அப்பா ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

எகோன் ஒரு பெண்ணை விரும்பினான். ஹில்டே. அரண்மனைக் குதிரை வைத்தியருடைய மகள். மிரண்ட குதிரையை அவள் ஒரு முறை முறைத்தால் போதும், குதிரை மன்னிப்புக் கேட்கும்.

ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒரு சட்டம். இளவரசன் கட்டுகிற பெண் ஈடான குலத்தில் பிறந்திருக்கவேண்டும். இல்லையென்றால் பிறக்கிற பிள்ளைக்குப் பட்டம் கிடையாது. சரி, ஈடான பெண்ணைத் தேடினார்கள். ஐரோப்பா முழுக்கத் தேடினார்கள். யாரைப் பார்த்தாலும் அத்தை மகள். இல்லையென்றால் அத்தை. எல்லாருக்கும் ஒரே மூக்கு. காலையில் மூக்கு உள்ளே வரும், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் இளவரசி வந்துசேருவாள்.

எகோன் எதற்கும் மசியவில்லை. அரசர் கத்தவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்.

"நான் இருக்கிற வரைக்கும் நடக்காது."

சொன்னவர்... இருந்தார். தொண்ணூறு தாண்டினார். நூறு தாண்டினார். எமன் வந்து வாசலில் நிற்கும்போதெல்லாம், பையன் மனசு இன்னும் மாறவில்லை, அப்புறம் வா என்று திருப்பி அனுப்பினாராம். எகோனுக்கு மீசை நரைத்தது. ஹில்டே காத்திருந்தாள்.

ஒரு குளிர்காலத்தில் அரசருக்கு மூச்சு வாங்கியது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். மந்திரி வந்து எகோன் காதில் சொன்னார்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க, இளவரசே. அப்புறம் சட்டமும் உங்க கையில, பொண்ணும் உங்க கையில."

நியாயம்தானே? இத்தனை வருஷம் பொறுத்தவனுக்கு ஒரு சாயங்காலம் பெரிசா? ஆனால் அவன் பொறுக்கவில்லை. லாயத்துக்கு ஓடினான். ஹில்டேயைக் கூட்டிக்கொண்டு வந்தான். குதிரைக்குக் கொடுக்கிற கஷாயத்தை அவள் வாளி நிறையக் காய்ச்சி, புனல் வைத்து ஊற்றினாள். அரசர் எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் ஒரு முறை கனைத்தார் என்றும் சொல்கிறார்கள், அதை நான் உறுதியாகச் சொல்லமுடியாது.

அவளைப் பார்த்து அரசர் கேட்டார்.

"ஏம்மா, நீ பேசாம இருந்திருந்தா இந்த அரண்மனையே உனக்குக் கிடைச்சிருக்குமே?"

புனலைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"கிடைச்சிருக்குங்க. ஆனா அப்பா இல்லாத கல்யாணத்துல இவருக்குச் சோறு இறங்காது. பட்டினி கிடக்கிற மாப்பிள்ளை எனக்கு எதுக்கு?"

அரசர் உருகிப்போய்விட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. சட்டம் சட்டம்தான், ஈடில்லாத கல்யாணத்துக்கு அரசர் வரமுடியாது என்றார். எகோன் பட்டத்தைச் சித்தப்பா மகனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கல்யாணத்துக்கு நாள் குறித்தான்.

கல்யாண நாள். சர்ச்சில் முன்வரிசையில் அப்பாவின் இடம் காலி. மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கவில்லை... வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்போது ஒரு கிழவர் வருகிறார். வெறும் தலை, வழவழவென்று வழுக்கை. காவலாளிக்கு அடையாளம் தெரியவில்லை, யாரய்யா நீ என்று தடுத்தான்.

"மாப்பிள்ளையோட அப்பா."

"மாப்பிள்ளையோட அப்பா அரசராச்சே?"

"அரசர் வரலைப்பா. அவரை அரண்மனையில நாற்காலி மேல கழட்டி வெச்சிட்டு வந்திருக்கேன்."

அன்றைக்குக் கடைசிப் பந்தி முடிகிறவரை ஷ்னார்ஃபென்பெர்க்கை ஒரு கிரீடம் மட்டும் தனியாக உட்கார்ந்து ஆண்டது. நாட்டில் ஒரு குறையும் இல்லையாம்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? நம் மதிவதனியும் குமரகுருபரனும் மாலை மாற்றியாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா, நம் சம்பந்தி வேலாயுதம் வந்திருக்கிறார். கடைசி வரிசையில், ஃபேன் காற்றில், பாதி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் சாதி, உங்கள் சாதி என்று நான் மைக்கில் பேசப்போவதில்லை. அவரை மட்டும் இல்லை, உங்கள் எல்லாரையும்தான் சொல்கிறேன்... நம் ஒவ்வொருவர் தலையிலும் ஒன்று இருக்கிறது. கண்ணாடியில் தெரியாது, ஆனால் கழுத்து வலிக்கும். சம்பந்தி, அதை அந்த நாற்காலியிலேயே வைத்துவிட்டு மேடைக்கு வாங்க. பத்திரமாக இருக்கும், ஒருத்தரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். உங்கள் பையன் இன்னும் போட்டோக்காரர் பக்கம் திரும்பவே இல்லை, உங்களையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கதையை நம்பவேண்டாம். நாடு பொய். மூக்கு பொய். வாளி நிறையக் கஷாயம், அதுவும் பொய். ஒரே ஒரு சின்ன விஷயம் நிஜம். ஈடான குலத்தில்தான் பெண் எடுக்கவேண்டும் என்ற சட்டம் ஜெர்மனியின் அரச குடும்பங்களில் உண்மையிலேயே இருந்தது. அந்தச் சட்டத்தை வைத்துக் காப்பாற்றிய அரியணைகளில்... இன்றைக்கு ஒன்றுகூட இல்லை.