தார்யா அடுக்கிவைத்த படங்கள்

— ஸ்க்ரீன் இன்னும் கறுப்பாத்தான் கெடக்கா?

— ம்.

— முப்பது வருஷமா இந்த சர்ச் ஹாலப் பாத்துக்கறேன் எஸ்கோ, இப்படி ஒரு கூத்தப் பாத்ததில்ல. பொண்டாட்டிய பொதைச்சிட்டு வந்த மனுஷன், கோட்டக்கூடக் கழட்டாம இந்த அறையில பூந்துக்கிட்டு கம்ப்யூட்டரத் தட்டிக்கிட்டிருக்க. அந்தப் பக்கம் ஹால் நெறைய ஜனம். நான் என்னன்னு சொல்லட்டும்?

— கம்ப்யூட்டர் எழுந்திரிக்கலன்னு சொல்லு, ஹெல்கா. இரு, பாப்போம்.

— எழுந்திரிக்கலயா? விசிறி சுத்தற சத்தம் கேக்குதே.

— உள்ள எல்லாம் எழுந்திரிச்சிடுச்சு. எழுத்துல என்ன கேட்டாலும் பதில் வருது. ஸ்க்ரீன்ல படம் வர்ற எடத்துலதான் நின்னுடுது.

— முழிச்சிருக்கு, ஆனா மொகம் குடுக்க மாட்டேங்குதுங்கற. உன்ன மாதிரியே.

— நேத்து யாராவது இதத் தொட்டீங்களா?

— நாந்தான் தூசி தொடச்சேன். அப்ப அது புதுசு பண்ணிக்கட்டுமான்னு கேட்டுச்சு. கேக்குதே பாவம்னு, சரின்னு அமுக்கிட்டேன்.

— அதான்.

— ஆண்டவரே! நானா? தார்யா காரியத்துக்கு மொத நாளா?

— உன் தப்பில்ல. புது கர்னல் எறங்கியிருக்கு, கம்ப்யூட்டரோட அடிமூளை அது. ஸ்க்ரீன ஓட்டற டிரைவர் பழசு. ரெண்டும் ஒத்துப் போகல. பழைய கர்னலுக்கே திரும்பினா சரியாப் போயிடும்.

— அப்பத் திரும்பேன்.

— இரு, பாப்போம்.

— சொல்றதக் கேளு. இந்த லினக்ஸ் சிஸ்டத்தக் கொண்டு வந்து நீ இங்க போட்டப்பவே தார்யா என்கிட்ட சொன்னா. "ஹெல்கா, என் புருஷன் நல்லா ஓடற வண்டியக் கழட்டிப் பாக்கற ஆளு, சாவிய ஒளிச்சு வெச்சுக்கோ"ன்னு.

— சொல்லியிருப்பா.

— சரி, ரிஸ்தோ லேப்டாப்ப வாங்கிட்டு வரேன். அக்கா காரியத்துக்குக் குடுக்க மாட்டேன்னா சொல்லப் போறான்? தார்யா படம் இருக்கற உன் பென் டிரைவ அதுல சொருகினாப் போச்சு.

— அதுல வேணாம்.

— ஏன்?

— பாட்டு ஒரு பக்கம் போகும், படம் ஒரு பக்கம் போகும். அவ அடுக்கின வரிச கலைஞ்சிடும். இதுலதான் ஓட்டணும்.

— அப்படி என்னென்ன படம் வெச்சிருக்கா?

— தெரியாது. நான் பாக்கல.

— பாக்கலயா?

— ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்து, அங்க குடுத்த லேப்டாப்ல அவளே அடுக்கினா. நான் எட்டிப் பாத்தா மூடியப் பட்டுனு மூடிடுவா. "அன்னிக்கு எல்லாரோடயும் சேந்து பாத்துக்கோ, இப்ப என்ன அவசரம்"னா. சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும்னா. சூப்பு உள்ள போச்சுன்னா ஊரே தூங்கிடும்னா.

— அங்க சூப்பே ஆறிப் போச்சு! நீ வந்து மொதக் கரண்டி ஊத்திக்காம எவன் தட்டத் தொடுவான்? துக்கக்காரங்க எடுக்கறதுக்கு முன்னாடி நம்மூர்ல ஒரு ரொட்டித் துண்டக்கூடத் தொட மாட்டாங்கன்னு உனக்குத் தெரியாதா? பாதிரியாரம்மா ரெண்டு பாட்டு கூடுதலாவே பாட வெச்சுட்டாங்க. காயானி டவுன்லேர்ந்து வந்தவங்க பஸ்ஸ விடப் போறாங்க. ஒருத்தரும் வாயத் திறக்கல, அவங்கவங்க ஷூவப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க.

— எனக்காகக் காத்திருக்க வேணாம்னு சொல்லு.

— சொல்லாமயா இருப்பேன்? "பரவால்ல, பசிக்கல"ங்கறாங்க. அவங்க வயிறு கத்தறது அடுப்படி வரைக்கும் கேக்குது.

— இன்னொரு தடவ நிறுத்தி ஏத்தறேன்.

— எஸ்கோ, என்னப் பாரு. அழுதியா நீ?

— இல்ல.

— குழியில எறக்கறப்பவும் பாத்தேன். கயித்தயும் நீயே பிடிச்ச, மண்ணையும் நீயே தள்ளின. யார் வீட்டு உருளக்கிழங்குத் தோட்டத்துக்கோ கூலிக்குப் போன மாதிரி.

— ஒண்ணும் தோணல ஹெல்கா. பல் புடுங்க ஊசி போட்டா கன்னம் மரத்துக் கெடக்குமே, அப்படிக் கெடக்கு. கடிச்சாலும் தெரியாது போல.

— மரப்பு எறங்கும்ப்பா.

— எறங்கட்டும். சனிக்கிழம நீராவிக் குளியலுக்கு சவுனாவ சூடு பண்ணினேன், பழக்க தோஷம். ரெண்டு துண்டு எடுத்து வெச்சேன்.

— அடப்பாவி. அப்புறம்?

— ஒண்ண மடிச்சு அலமாரியில வெச்சுட்டு, போய்க் குளிச்சேன். அவ்ளோதான்.

— ஒரு ஃபோன் பண்ணியிருக்கக் கூடாதா என்கிட்ட?

— பண்ணி என்ன சொல்றது?

— என்னமோ போ. நான் சூப்ப மறுபடி சூடு பண்றேன். இன்னொரு கொதி வந்தா சால்மன் மீன் கரைஞ்சே போயிடும். அதுக்குள்ள இத முடி. முடியலன்னா படம் இல்லாமயே வந்து உக்காரு. தார்யா கோச்சுக்க மாட்டா.

— கோச்சுப்பா. நீ போ.

— போறேன், போறேன்.

— என்ன, போனதும் வந்துட்ட? வாசல்லயே நிக்கற? சூப்பு சூடாச்சா?

— சூப்ப விடு. கதவச் சாத்திடறேன். எஸ்கோ, ஹால்ல தொங்குதே பெரிய திரை, இந்தக் கம்ப்யூட்டர்ல வர்றதுதான அங்கயும் வரும்?

— ஆமா.

— ரிஸ்தோ இப்பதான் என் காதுல சொன்னான். அதுல வந்துச்சாம். கம்ப்யூட்டர் போட்டதும் வருமே அந்த ஏரிப் படம், ஓரத்துல சின்னச் சின்னப் பொட்டி, நடுவுல அம்புக்குறி, எல்லாம் ஒழுங்கா வந்துச்சாம். வந்ததும் அணைஞ்சிடுச்சாம். திரும்ப வந்துச்சாம், திரும்ப அணைஞ்சிடுச்சாம். நான் அடுப்படியில கெடந்தேன், பாக்கல. ஊரே பாத்திருக்கு. உன்கிட்ட வந்து சொல்லத்தான் ஒருத்தருக்கும் மனசு வரல.

— அங்கயும் தெரியும்னு எனக்குத் தோணவே இல்ல.

— எஸ்கோ, இது ஓடுதா, ஓடலயா?

— ஓடுது.

— எப்பலேர்ந்து?

— ரொம்ப நேரமா. பழைய கர்னலப் போட்டதுமே வந்துடுச்சு.

— பின்ன யாரு அணைக்கறது?

— நான்தான்.

— ஏம்ப்பா? அவ ஆசையாப் பண்ணது. நீ பாக்கணும்னுதான பண்ணா?

— அது ஓடி முடிஞ்சா, அவகிட்டேர்ந்து எனக்குப் புதுசா வர வேண்டியது வேற ஒண்ணுமே இருக்காது, ஹெல்கா.