மிச்சம் விழுந்த கம்பி

ஹலோ… ஹலோ… ஆமா மாமா, உங்க மச்சினிதான், வேற யாரு என் ஃபோனை எடுப்பா?… ஒர்க்‌ஷாப்புலதான் இருக்கேன்… சாப்பிடல, இன்னும் நேரம் இருக்கு… மாமா, கை பூரா கிரீஸு, ஃபோனைத் தோள்ல இடுக்கிக்கிட்டுப் பேசறேன், கழுத்து வலிக்குது, சீக்கிரம் சொல்லுங்க… ம்… ம்… கீச்சு கீச்சுன்னு சத்தமா? எங்கேருந்து?… முன்னாடிலேருந்தா?

அது ஸ்பிரிங் ஃபோர்க் மாமா, கவனிக்கலன்னா கத்தத்தான் செய்யும். மத்த பைக்கு மாதிரி குழாய்க்குள்ள மறைஞ்சா இருக்கு, எல்லாம் வெளியதானே தொங்குது… ஹேண்டில்பாருக்குக் கீழ ரெண்டு ஸ்பிரிங் இருக்கா… அதுலேருந்து கம்பி கீழ இறங்கும்… அது முடியற இடத்துல, சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும், குட்டிக் கை மாதிரி ஒண்ணு… ஆமா ஆமா, அதேதான், ராக்கர்னு சொல்லுவோம். பள்ளத்துல இறங்கினா அதுதான் மேல கீழ ஆடும். அதுல சின்னதா மூக்கு மாதிரி இருக்கும், கிரீஸ் ஏத்தறதுக்கு. கிரீஸ் கன்னை வச்சு அமுக்குங்க. பழைய அழுக்கு பிதுங்கி வெளிய வந்து புதுசு எட்டிப் பாக்கற வரைக்கும்… எழுதிக்கறீங்களா? எதுக்கு மாமா எழுதணும், வண்டி எதிர்லதானே நிக்குது?… சரி சரி, எழுதிக்கோங்க, உங்க இஷ்டம்.

வைக்கட்டா? இங்க ஒருத்தர் ஸ்கூட்டரோட வந்து உக்காந்து என் முகத்தையே பாத்துக்கிட்டிருக்காரு… ம்?… என்னது?… திரும்பச் சொல்லுங்க. எதை இறக்கினதுக்கு அப்புறம்?

மாமா. விளையாடாதீங்க… நிஜமாவா?… ஐயோ மாமா!

நான் என்ன சொன்னேன்? ஞாயித்துக்கிழமை வண்டியைக் கொண்டாங்க, நானே உயரத்தைக் குறைச்சுத் தரேன்னு சொன்னேனா இல்லையா?… அக்காவுக்குக் கால் எட்டலன்னு எனக்கும் தெரியும் மாமா… தெரியும், சிக்னல்ல கால் ஊன முடியாம வண்டியோட சாஞ்சா, அத்தனை பேர் நடுவுல… அன்னைலேருந்து துணி போட்டு மூடி வச்சிருக்கா, அதுவும் தெரியும், என் அக்காதானே… வித்துடலாம்னாளா? எப்போ?… நேத்தா?… ம்… எங்கிட்ட சொல்லவே இல்லயே அவ… அதனால நீங்களே காலைல ஸ்பேனரைத் தூக்கிட்டீங்க.

நல்ல மனசுதான், யாரு இல்லன்னா. ஆனா நீங்க லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவரு மாமா. மேலயும் கீழயும் போறதெல்லாம் லிஃப்ட் ஆயிடுமா?… சிரிக்காதீங்க, எனக்கு வாயில நல்லா வருது.

சரி. என்ன பண்ணீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க… பின்னாடி ரெண்டு ஷாக் அப்சார்பரையும் மாத்திட்டீங்க… குட்டையானது… ரெண்டும் ஒரே ஜோடிதானே?… ம்… சரி, அது தப்பில்ல. சீட்டு பின்னாடிதானே இருக்கு, கால் எட்டணும்னா அங்கதான் மொதல்ல கை வைக்கணும். நெறைய பேரு அது தெரியாம முன்னாடியே நோண்டிக்கிட்டிருப்பாங்க… பாராட்டல மாமா, தப்பில்லன்னுதான் சொன்னேன். அப்புறம்?

ம்… பின்னாடி உக்காந்துடுச்சு, முன்னாடி மூக்கைத் தூக்கிக்கிட்டு நின்னுச்சு… நிக்கும்ல… பாக்க நல்லால்ல… அதனால?… அதனால என்ன பண்ணீங்க?… அறுத்தீங்களா? ஸ்பிரிங்கையா? எதால?… லிஃப்ட்டுக்கு இரும்பு அறுக்கற மிஷின்லயா! கடவுளே… ஒன்றரைச் சுத்து… ரெண்டு பக்கமும் ஒரே அளவாவது அறுத்தீங்களா?… கிட்டத்தட்டன்னா என்ன மாமா அர்த்தம்? நான் இங்க ஆளை உக்கார வச்சு ஒரு தடவ அளந்து, இறக்கிவிட்டு ஒரு தடவ அளந்து, மண்டைய ஒடச்சுக்கிட்டு வேலை பாக்கறேன், நீங்க கிட்டத்தட்டன்னு சொல்றீங்க!

இதோ வந்துட்டேண்ணே, வீட்டு ஃபோனு, ஒரே நிமிஷம்… அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, ஆயில் இருக்கு… இல்ல மாமா, உங்களைச் சொல்லல. நீங்க எங்க வேணா உக்காருங்க.

அந்த ஸ்பிரிங்கை எப்படிக் கழட்டினீங்க?… முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி… பெல்ட்டு போட்டு இழுத்துக் கட்டி… ம், அதுக்காவது புத்தி இருந்துச்சே. அமுங்கி இருக்கும்போது நட்டைக் கழட்டினா முகரையப் பேத்துட்டுப் போயிருக்கும்… மட்கார்டு மேல இடிக்குதா?… உக்காந்து குதிச்சுப் பாத்தீங்களா? அப்ப சரி. நீங்க குதிச்சே இடிக்கலன்னா அக்கா உக்காந்தா இடிக்காது… எடைய சொல்லிக் காட்டல மாமா… சரி, சொல்லித்தான் காட்டறேன், இப்ப என்ன?

கடைசியா ஒண்ணு சொல்லிட்டு ஃபோனை வைங்க. கழட்டினது எல்லாத்தையும் திரும்ப மாட்டிட்டீங்கதானே? ஒண்ணும் மிச்சம் விழலியே?…

ஏன் மென்னு முழுங்கறீங்க?… மாமா… என்ன மிச்சம்?… வாஷரா?… வாஷர் இல்லன்னா?… கம்பியா? என்ன கம்பி?… எவ்வளவு நீளம்?… ரெண்டு முனையிலயும் ஓட்டை இருக்கா?… இருக்கு… எங்கேருந்து கழட்டினீங்க?… யோசிச்சுச் சொல்லுங்க மாமா, அவசரமில்ல… முன் பிரேக் ட்ரம்முலேருந்து… ஃபோர்க்குக்குப் போச்சா…

ஏன் திரும்ப மாட்டல?… வண்டி இறங்கினதும் ஓட்டைக்கு ஓட்டை சேரல… அதனால விட்டுட்டீங்க. ஓட்டிப் பாக்கலயா?… கைப்பிடிய அமுக்கிப் பாத்தீங்க, பிரேக் பிடிச்சுச்சு. நிறுத்தி வச்சிருந்தா பிடிக்கும் மாமா!

இல்ல… இல்ல, கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. பிரேக் பிடிக்கும். பிடிக்கறதுதான் ஆபத்து. கைப்பிடிய அமுக்கினா உள்ள இருக்கற கட்டை சக்கரத்தைக் கவ்வுது, சரியா? கவ்வின உடனே அந்த பிரேக் தட்டும் சக்கரத்தோட சேந்து சுத்தப் பாக்கும். அதைச் சுத்தவிடாமப் பிடிச்சு நிறுத்தறது அந்தக் கம்பி ஒண்ணுதான். அது இல்லன்னா தட்டு சுத்தும், கேபிளை இழுத்துச் சுருட்டிக்கும், சக்கரம் அப்படியே பூட்டிக்கும்… ஆமா, முன் சக்கரம்… ஓடிக்கிட்டிருக்கும்போதுதான்… ஆளைத் தூக்கி முன்னாடி எறிஞ்சுடும் மாமா.

சரி, பதறாதீங்க. இப்பவாவது தெரிஞ்சுச்சே, நல்லவேளை. வண்டிய யாரும் தொடவேணாம். சாவிய எடுத்து உள்ள வைங்க. சாயங்காலம் நானே வந்து… ம்?… என்னது?

வண்டி எங்க?

மாமா, வண்டி எங்க?… எப்போ கிளம்பினா?… ஃபோன் பண்றதுக்கு முன்னாடியேவா?… அப்ப அந்தக் கீச்சு சத்தம், அவ கிளம்பும்போது கேட்டதா? அதுக்கா ஃபோன் பண்ணீங்க?… ஐயோ, இவ்வளவு நேரம் கிரீஸப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோமே மாமா!

எங்க போறேன்னா?… இங்கயா? எங்கிட்ட காட்டவா?… பாலத்து மேல ஏறித்தானே வரணும்… இறக்கம்… இறங்கினா அந்த சிக்னல்… இல்ல, வேணாம், அவளுக்கு ஃபோன் போடாதீங்க! போட்டீங்களா?… எடுக்கலயா, நல்லது, திரும்பப் போடாதீங்க. பையில அடிக்குதேன்னு அவசரமா நிறுத்தப் பாப்பா, பிரேக்க அமுக்குவா. வேணாம்.

நான்தான் மாமா… நேத்து நான்தான் அவகிட்ட… பயந்து பயந்து கால் பிரேக்கையே மிதிக்காதக்கா, முன் பிரேக்கையும் பிடி, வண்டிய நிறுத்தறதே முன் பிரேக்தான்னு… தொண்டத் தண்ணி வத்தப் பாடம் எடுத்தேன் மாமா… சரின்னு தலையாட்டினாளே… எந்த நேரத்துல என் வாயி…

வெல்டரண்ணே! அண்ணே, அதை நிறுத்துங்க! நிறுத்திட்டு ஓடுங்க, முனைக்கு ஓடுங்க, எங்க அக்கா வண்டியில வரா! கறுப்பு டேங்கு! நடுரோட்டுல போய் மறிக்காதீங்கண்ணே, மறிச்சா பயத்துல கை பிரேக்கைத்தான் பிடிப்பா. ஓரமா நின்னு கத்துங்க. கால் பிரேக், கால் பிரேக்னு கத்துங்க!… அப்புறம் சொல்றேண்ணே, ஓடுங்க!

மாமா, இருக்கீங்களா?… வைக்காதீங்க. லைன்லயே இருங்க. நானும் ரோட்டுக்கு வந்துட்டேன்… காணோம்… ஒரு லாரி… ஒரு பஸ்ஸு… இல்ல, கூட்டமெல்லாம் ஒண்ணும் இல்ல, ட்ராஃபிக் போய்க்கிட்டுதான் இருக்கு… மாமா, ஏன் அப்படி நெனைக்கறீங்க, வாய மூடுங்க தயவுசெஞ்சு… பாத்துக்கிட்டேதான் இருக்கேன்… காணோம்… இன்னும் காணோம்…

இருங்க. சத்தம்… ஆமா, அதே எஞ்சின் சத்தம்தான், எனக்குத் தெரியாதா… பஸ்ஸுக்குப் பின்னாடி… வரா. மாமா, வரா!

அக்கா! அக்கா, முன் பிரேக்கைத் தொடாத! கைய எடு! கால்! காலால மிதி! கியரக் குறை!… ஐயோ மாமா, கை ஆட்டறா… சிரிச்சுக்கிட்டே கை ஆட்டறா, நான் குஷியில குதிக்கறேன்னு நெனச்சுட்டா… அக்கா, கால் பிரேக்! கால்! மெதுவா… மெதுவா…

…

நின்னுட்டா.

நின்னுட்டா மாமா… ஒண்ணும் ஆகல… முழுசா இருக்கா, என் முன்னாடிதான் இருக்கா… ஹலோ?… மாமா, அழறீங்களா?… சரி… சரி, அழுங்க. நானும்தான்… அவ பாக்கறா, இருங்க, முகத்தைத் துடைச்சுக்கறேன்… ஒண்ணும் இல்லக்கா, கண்ணுல தூசி.

கால் பிரேக்கைத்தான் மிதிச்சிருக்கா மாமா. வழி பூரா அதுதானாம். முன் பிரேக் பக்கம் கையே போகலயாம், இன்னும் பயமா இருக்காம்… என் பேச்சை இவ என்னைக்குக் கேட்டிருக்கா? என்னைக்கும் கேக்கமாட்டா. அது இன்னைக்குத்தான் எனக்குச் சந்தோஷமா இருக்கு.

மாமா… நீங்க இவளை இப்ப பாக்கணும். வண்டிய விட்டு இறங்கவே மாட்டேங்கறா. ரெண்டு காலையும் தரையில நல்லா ஊனிக்கிட்டு, எங்கிட்ட குனிஞ்சு காட்டறா, பாருடி பாருடின்னு… பாதம் முழுசா பதியுது மாமா… அதே சிக்னல்ல நின்னாளாம். பக்கத்துல பஸ்ஸு, பின்னால காரு, யாரு ஹாரன் அடிச்சும் ஆடாம நின்னாளாம். மூச்சு விடாம சொல்லிக்கிட்டே இருக்கா. நான் எதுக்குக் கத்தினேன்னுகூட இன்னும் கேக்கல… இந்த மாதிரி அவ பேசிக் கேட்டு எவ்வளவு நாளாச்சு…

ம்… ம்… இல்ல மாமா. அது முடியாது… எனக்கும் தெரியுது, சொன்னா பயந்துடுவா… இனிமே தொடவே மாட்டா, வித்துடுவா, எல்லாம் தெரியுது. எனக்கும் அதே பயம்தான். ஆனா நான் பேசாம கம்பிய மாட்டிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி அவளைத் திருப்பி அனுப்பிடணுமா?… முடியாது. உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு உக்கார்றது அவ. அந்த வண்டியில என்ன இருந்துச்சு, என்ன இல்லன்னு அவளுக்குத் தெரியணும்… கோவம்தான் மாமா, இல்லாம? உங்களக் கொன்னுடலாம் போல இருக்கு. ஆனா இவ முகத்தைப் பாத்துட்டு உங்களைத் திட்டவும் வாய் வரல, என்ன பண்ணித் தொலைக்கறது சொல்லுங்க.

நீங்க அந்தக் கம்பிய எடுத்துக்கிட்டு ஏதாவது வண்டி பிடிச்சு இங்க வாங்க. அறுத்த ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுட்டு குட்டையாவே புதுசு போடறேன். கம்பியும் சரியா வரலன்னா அளவெடுத்து வேற செஞ்சு மாட்டறேன். கால் எட்டும், உயரமும் இப்படியே இருக்கும், என் பொறுப்பு. அதுவரைக்கும் சாவி எங்கிட்ட இருக்கும்… இல்ல, வந்து சொல்றேன்னு சொல்லாதீங்க. வர்ற வழியில ஏதாவது கதை ஜோடிச்சுடுவீங்க, எனக்கு உங்களத் தெரியும். இப்பவே சொல்லுங்க… நான் சொல்லமாட்டேன்… திட்டினா வாங்கிக்கோங்க… ம்… ம்… தெரியும் மாமா, அவளுக்காகத்தான் பண்ணீங்க. அதையும் சேத்தே சொல்லுங்க.

குடுக்கறேன்.

அக்கா, இந்தா, மாமா பேசறாரு. உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்… என்கிட்ட கேக்காத, அவரே சொல்லுவாரு… இல்ல, இரு, உக்காந்துக்கிட்டே வேணாம். மொதல்ல வண்டிய விட்டு இறங்கு. இறங்குக்கா.