செவ்வந்தி அம்மாள் நிரப்பிய ஏரி

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் செந்தமிழ்ச்செல்வி அவர்களே, கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கும் மாயவன் அவர்களே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சந்தோஷ் அவர்களே, இன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

ஒன்பது ஆண்டுகளாக எந்தக் கூட்டத்திலும் எனக்கு முன்னால் பேசியவர் நம் ஏரிக்குழுத் தலைவர் செவ்வந்தி அம்மையார். அவர் முடித்ததும் எழுந்து, "அதேதான்" என்று சொல்லிவிட்டு உட்காருவேன். செயலாளர் இளமாறனுக்கு அவ்வளவுதான் வேலை. இன்று முழுதாக நானே பேச வேண்டியிருக்கிறது. எனக்குப் பழக்கமில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வந்தி அம்மையார் யார்? ஒரு சென்ட் நிலம் இல்லாதவர். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிழைத்தவர். அப்படிப்பட்டவரை ஏரிக்குழுவுக்குத் தலைவராக நிலக்காரர்களாகிய நாங்கள் எப்படி ஏற்றுக்கொண்டோம்? அதைச் சொல்ல வேண்டியவன் நான்தான். ஏனென்றால் அவரை எதிர்த்து நின்றவன் நான்!

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நம் ஏரி எப்படி இருந்தது? கரை எது, உள்வாய் எது என்று தெரியாமல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அம்மையார் பதினான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கை கிழிய, கால் கிழிய அதை வெட்டித் தள்ளினார். ஏரி சுத்தமானது. தண்ணீர் வரவில்லை. ஏன் வரவில்லை? மலையடிவாரத்திலிருந்து ஏரிக்கு வரும் வரத்து வாய்க்கால் என் கொல்லை வழியாக வருகிறது. என் தகப்பனார் அதை அடைத்து வரப்புப் போட்டார். நான் அதில் மரவள்ளி வைத்தேன்.

அம்மையார் வந்து கேட்டார். நான் சொன்ன பதிலை இந்தச் சபையில் திருப்பிச் சொல்லக் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன். "உனக்கு ஏரியில ஒரு காணி இருக்குதா? உனக்கு இன்னா வந்துச்சு?" என்றேன்.

"காணி இல்லீங்க தம்பி. ஏரி ரொம்புனா நடவு இருக்கும். நடவு இருந்தா எம்புள்ள ஊர்ல இருப்பான். அடுத்த வாரம் திருப்பூர் போறேன்னு சொல்லிக்கினு இருக்கான். அதான் கேக்கறேன்."

நான் திறக்கவில்லை. சந்தோஷ் பஸ் ஏறிவிட்டார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஐப்பசியில் மலையில் நல்ல மழை. செக்கச்செவேலென்று தண்ணீர் வந்து, என் வரப்பில் முட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடியது. போய்ப் பார்த்தால், முழங்கால் தண்ணீரில் மண்வெட்டியோடு அம்மையார் தனியாக நிற்கிறார். ஏழெட்டு வெட்டு வெட்டினால் போதும். அவர் வெட்டவில்லை!

"மம்முட்டி வெச்சிக்கினு ஏன் சும்மா நிக்கிற?" என்று கேட்டேன்.

"நான் வெட்டுனா நாளைக்கே திரும்பக் கட்டிடுவீங்க தம்பி. நீங்க வெட்டுனா கட்ட மாட்டீங்க."

அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி நானே வெட்டினேன். நான்காம் நாள் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலிங்கில் வழிந்து கோடி போனது. கரைமேல் நின்று மகனுக்குப் போன் போட்டார். "டேய், ஏரி கோடி போவுதுடா. வந்து பாரு" என்றார். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்குள் திருமணம் ஆகி, அங்கேயே வீடு பிடித்து, வாழ்க்கை அங்கே என்று ஆகிவிட்டது.

சந்தோஷ், உங்களைக் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. நீங்கள் ஊரை விட்டுப் போனதில் என் வரப்புக்கும் பங்கு உண்டு. உங்கள் அம்மா ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அவர் படத்துக்கு முன்னால் நானே சொல்கிறேன். என்னை மன்னியுங்கள்.

ஏரி நிறைந்ததும் நிலக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அவரைத் தலைவராக்கினோம். அதோடு அவர் ஓய்ந்தாரா? மலைச்சரிவு மொட்டையாக இருந்ததால், மழைக்கு மழை மண் வந்து ஏரியில் படிந்தது. அம்மையார் மலைக்குப் போனார். மாயவன் அவரைக் கேட்டாராம், "கீழ உங்க ஏரி ரொம்பறதுக்கு நாங்க ஏம்மா மரம் வெக்கணும்?"

"நெழலும் வேரும் எங்க ஏரிக்கு. காய் பூரா உங்களுக்கு" என்றாராம் அம்மையார். கடுக்காயும் நெல்லியும் நாவலும் நட்டார். ஆறு ஆண்டுகள், பாதி நாள் மலையில், பாதி நாள் ஊரில். எத்தனை முறை என்னைக் கூப்பிட்டார்! முழங்கால் வலி என்றேன். அறுப்பு என்றேன். ஒருமுறைகூட நான் மலை ஏறவில்லை.

போன மாதம் அவருக்குக் காய்ச்சல். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு படுத்தவர் எழவில்லை. இரண்டு நாள்! மலையில் இருப்பார் என்று ஊர் நினைத்தது. ஊரில் இருப்பார் என்று மலை நினைத்தது. மூன்றாம் நாள் மாயவன் போன் செய்தார். "அம்மா இன்னும் வரலியே, கீழ இருக்காங்களா?" என்றார். "ஏன், மேல இல்லியா?" என்றேன். ஓடிப்போய்க் கதவை உடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஓர் ஊருக்கே தண்ணீர் கொண்டுவந்தவர், ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் போய்விட்டாரே! இந்தப் பாவத்தை எங்கே கழுவுவோம்?

ஏரிக்கரையில் அவருக்குக் கல் வைக்க வேண்டும் என்று முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். வையுங்கள். ஆனால் மாயவன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் அவர் வளர்த்த முந்நூறு கன்றுகள் பையிலேயே நிற்கின்றன. மழைக்கு முன் அவை மண்ணுக்குள் போக வேண்டும். நாளைக் காலை ஆறரை மணி பஸ்ஸில் நான் மலைக்குப் போகிறேன். வருகிறவர்கள் வாருங்கள். யாரும் வராவிட்டாலும் கடைசிக் கன்று வரைக்கும் நட்டு முடிப்பேன் என்று அம்மையார் பெயரால் இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன்.

மாயவன் அவர்களே, ஏறும்போது உங்களுக்குச் சொல்வேன். ஊராட்சித் தலைவர் அவர்களே, இறங்கும்போது உங்களுக்குச் சொல்வேன். இனிமேலாவது நம்மில் யார் எங்கே இருக்கிறோம் என்பது இன்னொருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.