செவ்வாயும் வெள்ளியும் நாறும் கார்

— பன்னீரா? ஏசிக்குள்ள பன்னீரா ஊத்துனீங்க, சந்திரசேகரன் சார்?

— கல்யாணத்துல மிச்சமான பாட்டில், சில்வெஸ்டர். கமகமன்னு இருக்குமேன்னு காத்து வர்ற ஓட்டையில முழுசாக் கவுத்துட்டேன். டப்புன்னு ஒரு சத்தம். அதோட காத்தும் நின்னுபோச்சு.

— நிக்காம? மோட்டாரு முழுகிப்போச்சு சார். இந்த அடுகோடில பத்து வருசமா கார் ஏசி பாக்குறேன். பினாயில் ஊத்தினவங்க உண்டு, டெட்டால் ஊத்தினவங்க உண்டு. வண்டிக்கே கல்யாணம் பண்ணி வெச்சவரு நீங்க ஒருத்தர்தான். நாத்தமாவது போச்சா?

— எங்க போச்சு? முன்னாடி வெறும் ஊசிப்போன நாத்தம். இப்ப கல்யாண மண்டபத்துல ஊசிப்போன நாத்தம்.

— ஏங்க, அவரு கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்களேன்.

— சொல்றேன் சொர்ணம். ரெண்டாயிரமாவது வருசம் பொறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்னுடக் கூடாதுன்னு ராப்பகலா உழைச்சவன் சார் நான். அதெல்லாம் ஓடுது. எங்க காருக்குள்ள எம்பொண்டாட்டி மூக்கைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கா.

— வூட்டுக்கு வர்றதுக்கு அஞ்சு நிமிசம் முன்னாடி ஏசிய நிறுத்திட்டு வெறும் காத்த ஓட விடுவீங்களா? உள்ள ஈரம் காஞ்சாலே பாதி நாத்தம் போயிடும்.

— பண்ணிப் பாத்தாச்சு. இன்னொண்ணு இருக்கு, சிரிக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும்தான் நாத்தம் ஜாஸ்தி.

— ஈரத்துக்குக் கிழமை தெரியாதே சார். ராத்திரில எங்க நிறுத்துறீங்க?

— ஆஸ்டின் டவுன்ல, எங்க வீட்டுக்கு எதிர்ல, மரத்தடியில. குடிவந்து எட்டு மாசமா அதே எடம்.

— சரி, முன்கண்ணாடிக்குக் கீழ இருக்குற இந்தச் சல்லடையக் கழட்டிப் பாப்போம். வெளிக்காத்து இது வழியாத்தான் உள்ள போவுது. மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க... ஐயோ, ஏசப்பா!

— என்ன, எலியா?

— பூவு சார்! கனகாம்பரம், செண்டுமல்லி. அழுகிக் கூழாக் கெடக்கு.

— ஆயுத பூஜைக்கு மாலை போட்டோமே, அதுவா இருக்கும்.

— அது போன அக்டோபர் மேடம். மேல கெடக்குறது நேத்து வெச்ச மாதிரி இருக்கு. என் கையப் பாருங்க, மஞ்சத்தண்ணி. இத மோந்து பாருங்க சார். பால்தானே?

— புளிச்ச பால்! சொர்ணம், நான் அப்பவே சந்தேகப்பட்டேன். பூ, மஞ்சத்தண்ணி, பால், செவ்வாய், வெள்ளி. யாரோ நமக்குச் செய்வினை வெக்கிறான்!

— உங்களுக்குத்தான் இதுல எல்லாம் நம்பிக்கையே கெடையாதே.

— நம்பிக்கை கெடையாது. பயம் உண்டு. அது வேற டிபார்ட்மெண்ட்.

— யாரு மேலயாவது டவுட்டு இருக்கா சார்?

— டவுட்டு என்ன டவுட்டு, கண்ணாலயே பாத்தேன். கீழ்வீட்டு கிருஷ்ணப்பா. ஒருநாள் விடியக்காலைல ஜன்னலத் தொறந்தா, மனுஷன் பக்கெட்டும் கையுமா என் வண்டி மேல குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. என்னப் பாத்ததும் ஒரு அசட்டுச் சிரிப்பு. அப்படியே நழுவிட்டாரு. அவரு ஸ்கூட்டர் நின்ன எடத்த நாம பிடிச்சுட்டோம்னு வயித்தெரிச்சல்.

— அவரப் போய் அப்படிப் பேசாதீங்க.

— பேசுறதா? இங்கேருந்து நேரா போலீஸ் ஸ்டேஷன்தான். அவர் மேல கம்ப்ளைண்ட் குடுத்துட்டு, மாசக் கடைசில வீட்டையும் காலி பண்றோம்.

— நீங்க காலி பண்ணிக்குங்க. நான் வரல.

— என்னது?

— சார், நான் வேணா போயி டீ சொல்லிட்டு...

— நில்லுங்க சில்வெஸ்டர், எனக்கு ஒரு சாட்சி வேணும். ஏம்மா, பூவப் பாத்ததும் இவரு ஏசுவக் கூப்பிட்டாரு, நான் செய்வினைன்னு கத்தினேன். நீ மட்டும் சட்டுன்னு ஆயுத பூஜைங்கிற. உனக்கு முன்னாடியே தெரியும்.

— தெரியும்.

— யாரு வெக்கிறது?

— தெருவே வெக்குது.

— தெருவேவா!

— பக்கத்து வீட்டு எல்லம்மா தெனமும் வருவாங்க. செவ்வாய் வெள்ளின்னா பத்துப் பேரு. நீங்க எழுந்து பாத்து மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு கிருஷ்ணப்பாதான் பக்கெட்டோட வந்து தொடச்சு விடுறாரு. சல்லடைக்குள்ள போனது அவருக்கு எப்படித் தெரியும்?

— அந்த அளவுக்கு நாம என்ன பண்ணிட்டோம்?

— மொத நாளு சண்டைக்குத்தான் வந்தாங்க. நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. எனக்கு ஒண்ணும் புரியல, பால் பாக்கெட்டும் கையுமா நின்னு அழுதுட்டேன். எல்லம்மாதான் தட்டிக் குடுத்தாங்க. ‘புதுசாக் காரு வாங்கின சந்தோஷத்துல இருக்காரு உன் வீட்டுக்காரரு, சொல்லி மனச ஒடிக்காத, நாங்க பாத்துக்கறோம்’னாங்க. நீங்க ஆபீசே கதின்னு இருக்கீங்க. இந்த ஊர்ல ‘சாப்பிட்டியா சொர்ணம்’னு என்னக் கேக்குறது அவங்க மட்டும்தான். அவங்க மேல கம்ப்ளைண்டா?

— தாயே, சுத்தி வளைக்காத. என் கார் மேல எதுக்குப் பூ வெக்கிறாங்க? நேரா ஒரு பதில் சொல்லு.

— குனிஞ்சா கை எட்டல, அதான் மேல வெக்கிறாங்க. வண்டி உருளாம இருக்க, முன்சக்கரத்துக்கு அண்டக் குடுத்து நிறுத்துறீங்களே ஒரு கல்லு, அதுதாங்க அந்தத் தெருவுக்கு மாரியம்மா.